டீசல் ஃபோர் வீல் டிரைவ் வண்டிக்கு வீட்டிலேயே ஹெட் மாட்டுவது எப்படி

ஒரே எஞ்சினுக்கு ஆறு வாரத்துக்குள் இரண்டு முறை ஹெட் (எஞ்சின் பிளாக்கின் மேல் மூடி போல உட்காரும் பகுதி) கழற்றி மாட்டியவன் நான். முதல் முறை டார்க் ரெஞ்ச் (இறுக்கும் முறுக்கை அளந்து சொல்லும் ஸ்பேனர்) ஒவ்வொரு போல்ட்டிலும் ‘டக்’ என்று ஒழுங்காகத்தான் சொன்னது. வண்டியும் ஒரே சுற்றில் ஸ்டார்ட் ஆனது. சுமார் 400 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி தண்ணீர் குடிக்க ஆரம்பித்தது. இரண்டாம் முறை கழற்றியபோதுதான் தெரிந்தது: ஒரே ஒரு போல்ட் துளையின் அடியில், கழற்றும்போது வடிந்த கூலண்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர்) கால் அங்குலத்துக்குத் தேங்கி நின்றிருக்கிறது. நான் துடைத்தது மேலே தெரிந்த பரப்பை மட்டும்.

இந்த வேலையைப் புதிதாகக் கையில் எடுப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இரும்பு பிளாக், மேலே அலுமினிய ஹெட், வரிசையாக நான்கு சிலிண்டர் என்ற அமைப்பை மனதில் வைத்துச் சொல்கிறேன். பழைய ஃபோர் வீல் டிரைவ் டீசல்களில் பரவலாக இருப்பது அதுதான். உங்கள் எஞ்சின் வேறு மாதிரி என்றாலும் வரிசை பெரிதாக மாறாது, அளவுகள் மாறும். அளவுகளை எப்போதும் உங்கள் எஞ்சினின் சர்வீஸ் மேனுவலில் இருந்துதான் எடுக்க வேண்டும்; என்னிடமிருந்தும் எடுக்காதீர்கள்.

1. முதலில், குற்றவாளி கேஸ்கெட்தானா?

வெள்ளைப் புகை வந்தால் உடனே, ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் அடைக்கும் ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்று முடிவு கட்டிவிடுகிறோம். குளோ பிளக் வேலை செய்யாவிட்டாலும், இன்ஜெக்டர் சரியாகத் தெளிக்காவிட்டாலும் காலையில் வெள்ளைப் புகை வரும். இ.ஜி.ஆர். கூலர் (எஞ்சினுக்குள் திருப்பிவிடும் புகையைக் குளிர்விக்கும் பாகம்) உள்ளே ஓட்டையானால் தண்ணீரும் குறையும், புகையும் வரும், ஹெட் மட்டும் நன்றாக இருக்கும். அதனால் ஸ்பேனரைத் தொடும் முன் மூன்றைப் பாருங்கள். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து, ஓரிரு நிமிடத்துக்குள் ரேடியேட்டர் ஹோஸ் கல் போல இறுகுகிறதா? கூலண்ட் டாங்கில் விடாமல் குமிழி வருகிறதா? கம்ப்ரஷன் பார்க்கும்போது பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து குறைவாகக் காட்டுகின்றனவா? மூன்றும் ஆம் என்றால் ஹெட்டை இறக்க வேண்டியதுதான். மூன்றும் இல்லை என்றால் இ.ஜி.ஆர். கூலரைத் தனியாக அடைத்துச் சோதித்துவிட்டு வாருங்கள்.

2. காகித வேலை

மெக்கானிக் வேலைக்குக் காகிதம் எதற்கு என்று நினைத்தேன். அந்த நினைப்பு எனக்கு ஒரு வாரத்தைத் தின்றது. வண்டியின் மாடல் வருடத்தைச் சொல்லி கேஸ்கெட் வாங்கினேன். பிளாக் மேல் வைத்துப் பார்த்தால், எண்ணெய் ஏறும் துளை ஒன்றைக் கேஸ்கெட் பாதி மறைத்து நின்றது. முந்தைய உரிமையாளர் எஞ்சினையே மாற்றியிருக்கிறார். பதிவுப் புத்தகத்தில் இருந்த எண் வேறு, பிளாக்கில் வெட்டியிருந்த எண் வேறு.

ஆகவே முதல் காகிதம், பிளாக்கில் பொறித்த எஞ்சின் எண். கம்பி பிரஷ் வைத்துத் தேய்த்து, போட்டோ எடுத்து, அதை வைத்தே எல்லா பாகமும் கேளுங்கள். இரண்டாவது, அந்த எஞ்சினுக்கான சர்வீஸ் மேனுவல். அதில் ஹெட் போல்ட் இறுக்கும் வரிசை, டார்க், கோணம், ஹெட்டின் குறைந்தபட்ச உயரம், சமதளத்தின் எல்லை, பிஸ்டன் மேலெழும் அளவு, கேஸ்கெட் தடிமன் அட்டவணை, வால்வு இடைவெளி, டைமிங் குறிகள் ஆகிய பக்கங்களைத் தனியே அச்செடுத்துச் சுவரில் ஒட்டிவிடுங்கள். கிரீஸ் கையோடு போனைத் திறக்கும் தொல்லை இருக்காது.

மூன்றாவது காகிதத்தை நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும். ஹெட்டை ஃபேஸிங் போட (அடிப்பரப்பைச் சீவி நேராக்க) கொடுத்தால், போடும் முன் உயரம், போட்ட பின் உயரம், எவ்வளவு வளைந்திருந்தது, பிரஷர் டெஸ்ட் (விரிசல் இருக்கிறதா என்று பார்க்கும் அழுத்தச் சோதனை) முடிவு என்ன என்று நான்கையும் எழுதித் தரச் சொல்லுங்கள். வாய்மொழியாக “நல்லா இருக்கு” என்பது அளவு ஆகாது. அதோடு உங்கள் கையால் ஒரு நோட்டு போடுங்கள். நீங்கள் அளந்த ஒவ்வொன்றும் தேதியோடு அதில் ஏறட்டும். வண்டியை விற்கும் நாளில் அந்த நோட்டும் ரசீதுகளும் கைகொடுக்கும்.

3. செலவும் நாளும்

சனி, ஞாயிறில் முடித்துவிடலாம் என்று சொல்பவர்கள் இதைச் செய்யாதவர்கள், அல்லது இருபது தடவை செய்தவர்கள். முதல் தடவைக்கு இப்படிக் கணக்கு வையுங்கள்: கழற்ற இரண்டு நாள், லேத் பட்டறையில் நான்கு முதல் ஏழு நாள், சுத்தம் செய்யவும் அளக்கவும் ஒரு முழு நாள், மாட்ட ஒன்றரை நாள், ஏர் எடுத்து ஓட்டிப் பார்க்க அரை நாள். அந்த வண்டியை நம்பித்தான் வேலைக்குப் போகிறீர்கள் என்றால் இரண்டு வாரத்துக்கு மாற்று வழி பார்த்துக்கொண்டு தொடங்குங்கள். அவசரம்தான் இந்த வேலையின் முதல் எதிரி.

பணம் போகும் இடங்களில் பட்டறைக் கூலிதான் பெரியது. அடுத்தது கேஸ்கெட் செட், புது ஹெட் போல்ட்டுகள், கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) மேலே ஹெட்டில் இருக்கும் எஞ்சின் என்றால் டைமிங் பெல்ட்டும் டென்ஷனரும். கூலண்டும் உண்டு. எண்ணெய், ஃபில்டர் இரண்டையும் இரண்டு தடவைக்குக் கணக்கிடுங்கள். காரணம் பின்னால் வருகிறது. கேஸ்கெட்டைத் தனியாக வாங்காமல் ‘டாப் செட்’டாக வாங்குங்கள். வால்வு சீல், மேனிஃபோல்ட் கேஸ்கெட், இன்ஜெக்டர் வாஷர் எல்லாம் அதில் வந்துவிடும். ‘ஃபுல் செட்’ வேண்டாம், அதில் பாதி கீழ் எஞ்சினுக்கானது.

பட்டறையில் வரிசையை மாற்றச் சொல்லுங்கள்: முதலில் கழுவி, பிரஷர் டெஸ்ட். அது தேறினால் மட்டும் ஃபேஸிங், வால்வு வேலை. விரிசல் விட்ட ஹெட்டுக்கு ஃபேஸிங் கூலி கொடுத்துவிட்டு அழுதவர்கள் உண்டு. வெல்டிங், வால்வு சீட் மாற்றம், ஃபேஸிங் எல்லாம் சேர்ந்து புது ஹெட் விலையில் பாதியைத் தாண்டினால் நான் புது ஹெட் பக்கம் சாய்வேன்.

டார்க் ரெஞ்சைச் சொந்தமாக வாங்க வேண்டியதில்லை, இரவல் போதும். ஆனால் கீழே விழுந்து அடிபட்ட ரெஞ்ச் இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

4. கழற்றும்போதே மாட்டுவதை நினையுங்கள்

ஃபோர் வீல் டிரைவுக்கே உரிய ஒரு பொறி இங்கே இருக்கிறது. டிரான்ஸ்ஃபர் கேஸ் நியூட்ரலில் இருந்தால், கியர் போட்டிருந்தாலும் ஆட்டோமேட்டிக்கில் ‘பார்க்’கில் இருந்தாலும் வண்டி உருளும். கியர்பாக்ஸுக்கும் சக்கரத்துக்கும் அப்போது தொடர்பே இல்லை. நான்கு சக்கரத்துக்கும் கட்டை வைத்துவிட்டுத்தான் பானெட்டைத் திறக்க வேண்டும்.

உயரமும் ஒரு பிரச்சினை. இந்த வண்டிகளின் பம்பர் மேல் குனிந்து 25 கிலோ எடையைக் கை நீட்டித் தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். உறுதியான பலகைப் படி ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். தூக்கும் நேரத்துக்கு இன்னொருவரைக் கூப்பிடுங்கள், அல்லது எஞ்சின் கிரேன் வாடகைக்கு எடுங்கள். இரும்பு ஹெட் என்றால் கிரேன் கட்டாயம்.

கூலண்டை வடித்துப் பாத்திரத்தில் மூடி வையுங்கள். எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும், நாயும் பூனையும் நக்கிச் சாகும். ரேடியேட்டரில் மட்டும் வடித்தால் போதாது. பிளாக்கின் பக்கவாட்டில் ஒரு வடிகால் பிளக் இருக்கும், அதையும் திறங்கள். அதைத் திறக்காததால்தான் எனக்கு ஹெட்டைத் தூக்கியபோது தண்ணீர் போல்ட் துளைகளுக்குள் ஓடியது.

ஒவ்வொரு ஹோஸுக்கும் ஒயருக்கும் டேப் சுற்றி எண் போடுங்கள். வின்ச், இரண்டாவது பேட்டரி, கூடுதல் விளக்கு என்று முந்தையவர் இழுத்துவிட்ட ஒயர்கள் மேனுவலில் இருக்காது, போட்டோவில்தான் இருக்கும். இன்ஜெக்டர் பைப்பைக் கழற்றிய கையோடு இரு முனையையும் மூடுங்கள். போல்ட்டுகளுக்கு அட்டைப் பெட்டி ஒன்றே போதும்: மேலே ஹெட்டின் வடிவத்தை வரைந்து, போல்ட் இருக்கும் இடத்தில் ஓட்டை குத்தி, எந்தப் போல்ட் எங்கிருந்து வந்ததோ அங்கேயே செருகுங்கள். நீளம் வேறுபடும் போல்ட்டுகள் கலந்துவிட்டால் பின்னால் நிம்மதி இருக்காது. கேம் கீழே பிளாக்கில் இருக்கும் எஞ்சின் என்றால், வால்வுகளைத் தள்ளும் புஷ் ராடுகளுக்கும் இதே அட்டை.

ஹெட் போல்ட்டுகளை ஓரத்தில் தொடங்கி நடுப்பக்கம், கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். எஞ்சின் முழுக்கக் குளிர்ந்திருக்க வேண்டும். சூட்டில் தளர்த்தினால் ஹெட் வளையும். ஹெட் ஒட்டிக்கொண்டு வராவிட்டால் இடுக்கில் ஸ்க்ரூடிரைவரைக் கொடுத்து நெம்பாதீர்கள். மேனிஃபோல்ட்டைப் பிடித்து ஆட்டினாலே விடும். இன்னும் வரவில்லை என்றால் எங்கோ ஒரு போல்ட் பாக்கி இருக்கிறது, தேடுங்கள். இறக்கிய ஹெட்டை மேசையில் தட்டையாக வைக்கக் கூடாது. கேம் ஹெட்டிலேயே இருந்தால் சில வால்வுகள் திறந்து நீட்டிக்கொண்டிருக்கும், ஹெட் எடை முழுவதும் அவற்றின் மேல் இறங்கும். இரு முனையிலும் மரக்கட்டை கொடுத்து வையுங்கள்.

5. பட்டறையில் என்ன கேட்பது

ஹெட் வளைந்திருக்கிறதா என்று நீங்களே ஒரு முறை பாருங்கள். நேரான எஃகுச் சட்டத்தை நீளவாக்கில், குறுக்கில், மூலைக்கு மூலை என்று வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் நுழைகிறதா என்று சோதிக்க வேண்டும். 0.05 மில்லிமீட்டர் தகடு எங்கும் நுழையவில்லை என்றால் மகிழ்ச்சி. எல்லை எது என்பது எஞ்சினுக்கு எஞ்சின் மாறும், மேனுவலைப் பாருங்கள்.

கேம் ஹெட்டில் இருக்கும் எஞ்சினில் ஒரு நுணுக்கம். வளைந்த ஹெட்டின் அடிப்பக்கத்தை மட்டும் சீவி நேராக்கினால், மேலே கேம் படுக்கும் பேரிங் வரிசை அதே வளைவோடுதான் இருக்கும். கேமை மாட்டி, வால்வு அழுத்தம் இல்லாமல் கையால் சுற்றிப் பாருங்கள். ஓரிடத்தில் பிடிக்கிறது என்றால் அந்த ஹெட்டை அப்படியே வாங்கி வரக் கூடாது. கடுமையாகச் சூடேறிய அலுமினியம் மென்மையாகிப் போயிருக்கும். கடினத் தன்மை சோதிக்கும் வசதி உள்ள பட்டறை என்றால் அதையும் கேளுங்கள்.

வால்வு எவ்வளவு உள்ளே இறங்கி உட்கார்ந்திருக்கிறது என்பதும் ஃபேஸிங்குக்குப் பிறகு மாறும். முன் எரிப்பறை உள்ள பழைய வகை டீசலில் அந்த அறையின் உலோகத் துண்டு ஹெட் பரப்போடு சரியாக இருக்க வேண்டும். உள்ளே அமுங்கினாலும் வெளியே துருத்தினாலும் கேஸ்கெட் அந்த இடத்தில் தாங்காது. அடுக்கு எஃகு கேஸ்கெட் போடப் போகிறீர்கள் என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள். அதற்குப் பழைய வகைக் கேஸ்கெட்டைவிட வழவழப்பான பரப்பு வேண்டும்.

6. சுத்தம்: இங்கேதான் ஜெயிப்பதும் தோற்பதும்

ஹெட் பட்டறையில் இருக்கும் நாட்களில் பிளாக்கைச் சுத்தம் செய்யுங்கள். நான் முதல் தடவை இதற்கு ஒரு மணி நேரம் கொடுத்தேன், இரண்டாம் தடவை ஏழு மணி நேரம்.

முதலில் தண்ணீர், எண்ணெய் வழிகளைத் துணியால் அடையுங்கள். எத்தனை துணி அடைத்தீர்கள் என்று நோட்டில் எழுதுங்கள். எண்ணி அடைத்து, எண்ணி எடுக்க வேண்டும். பழைய கேஸ்கெட் துகள்களைக் கூர்மழுங்கிய சுரண்டியால், பரப்போடு படுக்க வைத்துச் சுரண்டலாம். டிரில் மெஷினில் மாட்டும் சுழலும் தேய்ப்புத் தட்டு வேண்டவே வேண்டாம். அது ஐந்து நிமிடத்தில் பளபளப்பாக்கிக் காட்டும். கூடவே அதன் கல்தூள் எண்ணெய் வழிக்குள் இறங்கி, கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) பேரிங்குகளை அரித்துவிடும். தவிர, அது அழுத்திய இடத்தில் பள்ளமும் விழும்.

அடுத்து போல்ட் துளைகள். ஒவ்வொரு துளைக்குள்ளும் பிரேக் கிளீனர் அடித்து, கண்ணாடி அணிந்துகொண்டு, மேலே துணி பிடித்தபடி காற்றடியுங்கள். பிறகு நீளமான ஸ்க்ரூடிரைவர் நுனியில் டிஷ்யூ காகிதத்தைச் சுற்றி அடிவரை விட்டுத் திருகி எடுங்கள். என் இரண்டாம் கழற்றலில், பின்பக்க மூலைத் துளையில் விட்ட காகிதம் பச்சையாக நனைந்து வந்தது. அந்தத் துளையின் போல்ட்டைப் பார்த்தேன்: மற்றவற்றின் நுனி எண்ணெய்க் கறுப்பு, இதன் நுனியில் மட்டும் மெல்லிய துரு வளையம்.

நடந்தது இதுதான். திரவம் அமுங்காது. போல்ட் கீழே இறங்க இறங்க, தப்பிக்க வழியில்லாமல் துளையின் அடியில் மாட்டிய கூலண்ட், போல்ட்டை மேல் நோக்கித் தள்ளுகிறது. ரெஞ்ச் அந்தத் தள்ளலையும் இறுக்கமாகக் கணக்கிட்டு ‘டக்’ என்கிறது. ஹெட் மேல் விழ வேண்டிய பிடி விழவில்லை. எனக்குக் கேஸ்கெட்டோடு போனது. இதே காரணத்தால் பிளாக்கே விரிசல் விடுவதும் உண்டு. எண்ணெயும் அப்படித்தான், துளைக்குள் எண்ணெய் ஊற்றும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். காகிதம் காய்ந்து வரும்வரை திரும்பத் திரும்ப. எல்லாத் துளையிலும்.

மரையில் அழுக்கு இருந்தால் மரை வெட்டும் கருவியை (tap) விடாதீர்கள், அது உலோகத்தையும் சேர்த்து எடுத்துவிடும். பழைய ஹெட் போல்ட் ஒன்றில் நீளவாக்கில் இரண்டு மூன்று பள்ளம் அறுத்தால் அதுவே மரை துடைக்கும் கருவி. கையால் மட்டும் சுற்றி இறக்குங்கள். சில எஞ்சின்களில் சில துளைகள் தண்ணீர் அறைக்குள் திறக்கும். அந்தப் போல்ட்டுகளுக்கு மட்டும் மரையில் சீலண்ட் தேவை என்று மேனுவல் சொல்லும்.

இன்னும் ஒன்று பாக்கி: ஹெட் ஏன் போனது? ரேடியேட்டர் இதழ்களுக்குள் சேறு காய்ந்து அடைத்திருக்கிறதா? சேற்றில் இறங்கும் வண்டிகளில் இது சகஜம், ஏ.சி. கண்டென்ஸருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் அடைத்திருப்பது வெளியே தெரியாது. விஸ்கஸ் ஃபேன் (சூடேறினால் வேகம் பிடிக்கும் விசிறி) சூட்டில் பிடிக்கிறதா, வாட்டர் பம்ப்பின் அடித்துளையில் கசிவுத் தடம் இருக்கிறதா? தெர்மோஸ்டாட்டையும் ரேடியேட்டர் மூடியையும் கேள்வி கேட்காமல் புதிதாகப் போடுங்கள்.

7. கேஸ்கெட் தடிமன்

பல டீசல் எஞ்சின்களுக்கு ஹெட் கேஸ்கெட் இரண்டு மூன்று தடிமனில் வருகிறது. ஓரத்தில் இருக்கும் வெட்டுகளோ ஓட்டைகளோதான் அதன் அடையாளம். தடிமன் வித்தியாசம் 0.05, 0.1 மில்லிமீட்டர் அளவுதான். அதிலேயே கம்ப்ரஷனும் பிஸ்டனுக்கும் வால்வுக்கும் உள்ள இடைவெளியும் மாறிவிடும்.

எது போடுவது என்பதைத் தீர்மானிப்பது, பிஸ்டன் உச்சிக்கு வரும்போது பிளாக் பரப்பைவிட எவ்வளவு மேலே எழுகிறது என்ற அளவு. டயல் கேஜை வைத்து ஒவ்வொரு பிஸ்டனிலும், பிஸ்டன் பின் செல்லும் திசையில் இரு இடத்தில் அளந்து சராசரி எடுங்கள். குறுக்கே அளந்தால் பிஸ்டன் சாய்ந்து பொய் சொல்லும். நான்கில் அதிகமாக எழும் பிஸ்டனை வைத்து அட்டவணையைப் பாருங்கள்.

ஃபேஸிங் போட்டோம், அதனால் தடிமனான கேஸ்கெட் என்று பலரும் சொல்வார்கள். ஹெட்டைச் சீவியதால் பிஸ்டன் உயராது. மேனுவலே அப்படிச் சொல்லும் எஞ்சின் தவிர, மற்றவற்றில் பிஸ்டன் அளவுதான் பேச வேண்டும்.

8. ஹெட்டை வைப்பது

கேம் மேலே உள்ள எஞ்சினில், ஹெட் இறங்கும் முன் கிராங்க்கை உச்சியிலிருந்து 90 டிகிரி திருப்பி வையுங்கள். நான்கு பிஸ்டனும் பாதி வழியில் நிற்கும், வால்வு எதையும் முட்டாது. புஷ் ராடு எஞ்சினில் ராக்கர் கழன்றிருப்பதால் வால்வுகள் மூடியே இருக்கும், கவலையில்லை.

பழைய நீளமான ஹெட் போல்ட் இரண்டின் தலையை அறுத்து, நுனியில் ஸ்க்ரூடிரைவர் பிடிக்க ஒரு கோடு அறுங்கள். எதிரெதிர் மூலையில் கையால் திருகிவிட்டால் அவைதான் வழிகாட்டிக் கம்பிகள். பரப்பை பிரேக் கிளீனரால் கடைசியாக ஒருமுறை துடைத்து, கேஸ்கெட்டை மேற்பக்கக் குறி மேலே இருக்குமாறு வையுங்கள். எண்ணெய்த் துளை நேர்படுகிறதா என்று பாருங்கள். மேனுவல் சொன்னால் தவிர கேஸ்கெட்டில் எந்தப் பசையும் தடவக் கூடாது. ஹெட்டை நேராக, கேஸ்கெட்டை உரசி இழுக்காமல் இறக்குங்கள். ஒருமுறை உட்கார்ந்த ஹெட்டை அப்படி இப்படி நகர்த்தினால் கேஸ்கெட்டின் மேல்பூச்சு கிழியும்.

இறக்கும் முன் துணிகளை எண்ணி எடுத்துவிட்டீர்களா?

9. இறுக்குவது

கோணக் கணக்கில் இறுக்கும் போல்ட்டுகள் நீண்டு கொடுக்கும் வகை. அவற்றை மறுபடி போடுவதில்லை. சில மேனுவல்கள் ஒரு நீளம்வரை மறுபயன்பாட்டை அனுமதிக்கின்றன. நான் இரண்டாம் தடவை அதையெல்லாம் அளக்கவே இல்லை, புதிதாகவே வாங்கினேன்.

போல்ட் மரையிலும் தலையின் அடியிலும் மேனுவல் சொல்லும் எண்ணெயை விரலால் மெல்லிசாகத் தடவுங்கள்; சொட்டக் கூடாது. நாம் கொடுக்கும் முறுக்கில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு உராய்வுக்கே போய்விடும். மிச்சம்தான் பிடியாக மாறும். ஒரு போல்ட் காய்ந்தும் இன்னொன்று வழுக்கியும் இருந்தால் ரெஞ்ச் ஒரே எண்ணைக் காட்டும், பிடி இரண்டு விதமாக இருக்கும்.

எல்லா போல்ட்டையும் கையால் சுற்றி இறக்குங்கள். ஏதாவது ஒன்று கடைசி ஒரு விரற்கடை கனமாக இறங்கினால் நிறுத்துங்கள். அது நான் கவனிக்காமல் விட்ட அறிகுறி. பிறகு மேனுவல் வரிசைப்படி, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, முதல் கட்ட டார்க். முழு வரிசையும் முடிந்த பின்தான் இரண்டாம் கட்டம். ஒவ்வொரு போல்ட்டையும் ஒரே சீரான இழுப்பாக இழுங்கள். பாதியில் நின்று மறுபடி இழுத்தால் ரெஞ்ச் முன்னதாகவே ‘டக்’ சொல்லும். கோணக் கட்டம் வரும்போது, எல்லாப் போல்ட் தலையிலும் 12 மணித் திசையில் வெள்ளைப் பெயிண்ட் புள்ளி வையுங்கள். 90 டிகிரி என்றால் புள்ளி 3 மணிக்குப் போக வேண்டும். 60 டிகிரி மாதிரிக் கணக்குக்குக் கோண அளவி வாங்கிக்கொள்வது மேல்.

இந்தக் கட்டத்தில் போனை அணைத்துவிடுங்கள். எந்தப் போல்ட்டை எந்தச் சுற்றில் இறுக்கினோம் என்று குழம்பினால் ஊகிக்க வழியே இல்லை. அச்செடுத்த தாளில் ஒவ்வொன்றாக டிக் போடுங்கள்.

10. டைமிங்

புஷ் ராடு எஞ்சின் என்றால், கடைசியில் வரும் வால்வு இடைவெளி தவிர இந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம்; ஹெட் கழன்றதால் டைமிங் அசைவதில்லை.

பெல்ட் எஞ்சினில், முதலில் கேமை அதன் குறிக்குக் கொண்டுவாருங்கள், பிறகு பாதியில் நிற்கும் கிராங்க்கை மேனுவல் சொல்லும் திசையில் 1-ஆம் பிஸ்டன் உச்சிக்குக் கொண்டுவாருங்கள். டீசல் பம்ப்பின் குறியும் சேர வேண்டும். பேலன்ஸ் ஷாஃப்ட்டுக்குத் தனி பெல்ட் உள்ள எஞ்சின்களும் உண்டு. அதில் ஒரு பல் தள்ளினால் வண்டி ஓடும், ஆனால் உடம்பெல்லாம் உதறும்.

பெல்ட் மாட்டி டென்ஷன் வைத்தபின், கிராங்க் போல்ட்டில் ஸ்பேனர் போட்டு, எஞ்சின் ஓடும் திசையில் இரண்டு முழுச் சுற்று கையால் சுற்றுங்கள். அப்போது கேம் ஒரு சுற்று முடிக்கும். வழியில் கடினமாக முட்டினால் பலம் காட்டாதீர்கள். வால்வு பிஸ்டனைத் தொடுகிறது. எல்லாக் குறியும் மறுபடி சேர்ந்தால்தான் கவர் மாட்டலாம். வால்வு இடைவெளியையும் இப்போதே வைத்துவிடுங்கள்.

11. மீதி மாட்டுவது, ஏர் எடுப்பது

இன்ஜெக்டர் அடியில் புது வாஷர், பழையது துளைக்குள் ஒட்டியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்த பிறகு. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு வாஷர் உட்கார்ந்தால் இன்ஜெக்டர் நுனி ஏறிப்போகும். டர்போவின் எண்ணெய்க் குழாயை இறுக்கும் முன் கொஞ்சம் எண்ணெய் ஊற்றுங்கள்.

ஸ்டார்ட் செய்யும் முன்பே எண்ணெயும் ஃபில்டரும் மாற வேண்டும். கூலண்ட் கலந்த எண்ணெயில் ஒரு நிமிடம் ஓடினாலும் பேரிங்குக்குக் கேடு. கூலண்ட் ஊற்றும்போது வண்டியின் மூக்கு மேடாக இருக்கும்படி நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வையுங்கள். பின் இருக்கைக்குத் தனி ஹீட்டர் இருந்தால் அதையும். அந்த நீண்ட குழாயில்தான் காற்று ஒளிந்துகொள்ளும். பிரஷர் டெஸ்டர் கிடைத்தால் ரேடியேட்டர் மூடியில் எழுதியிருக்கும் அழுத்தம்வரை அடித்து அரை மணி நேரம் விடுங்கள். முள் அசையாமல் நின்றால் பாதி பயம் போய்விடும்.

டீசலில் ஏர் எடுப்பது பம்ப்பைப் பொறுத்தது. பழைய மெக்கானிக்கல் பம்ப் என்றால் கை பம்ப் அடித்து, இன்ஜெக்டர் பைப் நட்டை அரைச் சுற்றுத் தளர்த்தி, ஸ்டார்ட்டர் சுற்றும்போது டீசல் வந்ததும் இறுக்குவது வழக்கம். காமன் ரெயில் (எல்லா இன்ஜெக்டருக்கும் பொதுவாக ஒரே உயர் அழுத்தக் குழாய் உள்ள) எஞ்சினில் இதைச் செய்யவே கூடாது. அந்த அழுத்தம் 1000 பாருக்கு மேல் போகும். மயிரிழைக் கசிவு கூடத் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே ஊசி குத்தியது போலத்தான் தெரியும், ஆனால் கையையே இழக்க வைக்கும் காயம், உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். எந்த வகை எஞ்சினிலும் கசிவைத் தேட விரலைக் கொடுக்காதீர்கள், அட்டைத் துண்டைப் பிடியுங்கள்.

12. முதல் ஸ்டார்ட்டும் அடுத்த 1000 கிலோமீட்டரும்

டீசல் போகாமல் இருக்க பம்ப்பின் ஸ்டாப் ஒயரைக் கழற்றி, எண்ணெய் விளக்கு அணையும்வரை ஸ்டார்ட்டரை விட்டு விட்டுச் சுற்றுங்கள், ஒரு தடவைக்குப் பத்து நொடிக்கு மேல் வேண்டாம். பிறகு ஒயரை மாட்டி ஸ்டார்ட் செய்யுங்கள். முதல் இரண்டு நிமிடம் கரடுமுரடாக ஓடும், புகையும் வரும். பைப்பில் மிச்சமிருக்கும் காற்றும், கையாளும்போது சிந்திய எண்ணெய் சைலன்ஸரில் எரிவதும்தான் காரணம். ஆக்ஸிலரேட்டரை முறுக்காதீர்கள். மேல் ரேடியேட்டர் ஹோஸ் சட்டென்று சூடாகும் நேரம்தான் தெர்மோஸ்டாட் திறக்கும் நேரம். ஃபேன் வேலை செய்வதையும், உள்ளே ஹீட்டர் சூடாக ஊதுவதையும் பாருங்கள். ஹீட்டர் குளிர்ந்து ஊதி, சூட்டு முள் ஏறினால் உள்ளே காற்று இருக்கிறது, அணைத்துவிடுங்கள்.

ஒரு இரவு ஆறவிட்டு, காலையில் கூலண்ட் அளவு பார்த்து நிரப்புங்கள். கொஞ்சம் குறைந்திருப்பது இயல்பு. மூன்றாம் நாளும் குறைந்தால் இயல்பு இல்லை. கோணத்தில் இறுக்கிய போல்ட்டுகளை “இன்னும் ஒருமுறை இறுக்கிவிடுவோம்” என்று தொடக் கூடாது. பழைய வகைப் போல்ட்டுகளுக்கு மேனுவல் மறு இறுக்கம் சொல்லியிருந்தால், சொன்ன கிலோமீட்டரில், சொன்ன முறையில் மட்டும்.

முதல் 500 கிலோமீட்டருக்கு டிரெய்லர் இழுப்பது, மலை ஏறுவது, மணலில் லோ ரேஞ்சில் உறுமுவது எல்லாம் வேண்டாம். 500 ஆனதும் எண்ணெயும் ஃபில்டரும் மறுபடி மாற்றுங்கள். மூலை முடுக்கில் ஒட்டியிருந்த பழைய கலவை அதில் வந்துவிடும். இரண்டு தடவைக்குக் கணக்கிடச் சொன்னது இதற்குத்தான்.  1000 கிலோமீட்டரில் வால்வு இடைவெளியை மறுபடி பாருங்கள்.

என் வண்டியில் இரண்டாம் தடவைக்குப் பிறகு முதல் வாரம் முழுக்க, தினமும் காலை ஸ்டார்ட் செய்யும் முன் டாங்கில் பேனாவால் கோடு போட்டு வந்தேன். ஏழு கோடும் ஒன்றன் மேல் ஒன்றாகவே விழுந்தன.